அந்தக் கோபுரங்களை எடைக்குப் போடாதீர்கள்



நம் கோலார் தங்கவயலில் சுரங்க வாயில்களில் நிற்கும் இரும்புக் கோபுரங்களைப் பற்றி, "துருப்பிடித்துச் சும்மா நிற்கிறது சார், எடைக்குப் போட்டால் நாலு காசாவது வரும்" என்று உங்களில் சிலரே எழுதுகிறீர்கள். என்னிடம் படித்தவர்கள் இப்படிச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை சுரங்கம் போனது. ஆட்களை இறக்கி ஏற்றியது அந்தக் கோபுரத்துச் சக்கரமும் கம்பிவடமும்தான். கூண்டில் இறங்கியவர்கள் யார்? வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த நம் தாத்தாக்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நெஞ்சில் இறங்கி இருமி இருமியே போனவர்கள் உண்டு. தங்கம் கப்பலேறிவிட்டது. அவர்கள் உழைப்புக்குச் சாட்சியாக நிற்பது அந்தக் கோபுரம்தான். "வெள்ளைக்காரன் நினைவுச்சின்னம் நமக்கெதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடப்பட்டது. மாநில அரசு அந்த இடத்தை வாங்கிக் காப்பாற்றியது. நிலக்கரி கழுவிய கட்டடம் இன்று ரூர் அருங்காட்சியகம். 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் சுரங்கங்கள் மூடப்பட்டதும் அதே 2001-இல்தான், பிப்ரவரி 28.

"அருங்காட்சியகம் சோறு போடுமா?" போன வேலை அத்தனையும் திரும்பாது, அங்கேயும் திரும்பவில்லை. ஆனால் எடைக்குப் போட்ட காசு மட்டும் யாருக்கு வரும்? விடியற்காலையில் பெங்களூரு ரயிலுக்கு ஓடும் நம் பிள்ளைகளுக்கா?

"முதலில் சயனைடு மேட்டுத் தூசியை ஒழிக்கட்டும்" என்பது நியாயமான பேச்சு. அதையும் கேட்போம். கோபுரத்தை வெட்டினால் தூசி அடங்கிவிடாதே!

எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. ஒரு ஷாஃப்டையாவது கோபுரம், சக்கரம், இன்ஜின் அறையோடு முழுதாக விட்டுவைக்கட்டும். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கட்டும். உள்ளே இறங்கி வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை உங்கள் போனிலேயே பதிவு செய்யுங்கள். பரணில் தாத்தாவின் ஹெல்மெட்டோ சம்பளச் சீட்டோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட வருகிறவர்கள் கீழே பெயரைச் சொல்லுங்கள்.