லங்காவி சைக்கிளோட்டம்: மலேசியருக்கு மஞ்சள் சட்டை எப்போது?

1996-இல், டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது தொடங்கியது லங்காவி சைக்கிளோட்டப் போட்டி. இத்தனை ஆண்டுகளில் இறுதி நாளில் மஞ்சள் சட்டை அணிந்த மலேசியர் ஒருவர்கூட இல்லை.

நம் வீரர்களிடம் வேகம் இருக்கிறது. 2010-இல் ஒரு கட்டத்தை வென்ற அனுவார் மானான், அப்படி வென்ற முதல் மலேசியர். ஓடுதளப் பந்தயத்தில் அஸிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் உலக வெற்றியாளரானார்.

சிக்கல் மலையில்தான். பல நாள் போட்டியில் எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டித்தான் வெற்றியாளரை முடிவு செய்கிறார்கள். சமதளத்தில் கூட்டமாக வந்து சேருவோருக்கு ஒரே நேரம்தான். கெந்திங் போன்ற ஏற்றத்தில் பின்தங்கினால் நிமிடக்கணக்கில் இழப்பு. கட்ட வெற்றிக்குக் கிடைக்கும் சில விநாடிச் சலுகை அதை ஈடுகட்டாது.

இது ஐரோப்பியருக்கே உரியது என்பதும் சரியல்ல. 2015-இல் வாகை சூடிய யூசுஃப் ரெகிகி அல்ஜீரியர். அவருடைய ஆப்பிரிக்கக் குழு அதே ஆண்டு பிரான்ஸ் சுற்றுப் போட்டியிலும் களமிறங்கியது. ஆண்டு முழுவதும் பெரிய பந்தயங்களில் ஓடும் குழுதான் இப்படிப்பட்ட வீரரை உருவாக்குகிறது.

ஆண்டுக்கு ஒரு வாரம் சாலையை மூடினால் மட்டும் போதாது. சாலையோரம் நின்று கைதட்டும் தோட்டத்துப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும் பந்தய சைக்கிளும் மலைப் பயிற்சியும் எட்ட வேண்டும். அதுவரை சாலை நம்முடையது, சட்டை பிறருடையது.