குஸ்காவுக்கு ஒரு நியாயம், வெஜ் பிரியாணிக்கு ஒரு நியாயமா?

"வெஜ் பிரியாணின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது மச்சி. அது கலர் போட்ட தக்காளி சோறு."

எங்கள் செட்டில் யாராவது ஒருத்தன் இதைச் சொல்லாமல் ஒரு வாரம் போகாது. மாசக் கடைசியில் அதே ஆள் ஓசூர் சிப்காட் பக்கம் தள்ளுவண்டியில் குஸ்கா வாங்கித் தின்பான். தட்டில் கறித்துண்டு ஒன்றுகூட இருக்காது. அது மட்டும் பிரியாணி வகையறாவாம்!

குஸ்கா கறியோடு வெந்த சோறு, அந்தச் சாறு அதில் இருக்கிறது என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரியாணி என்ற பெயருக்கே கறி வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சொல் பாரசீகத்தில் 'வறுத்த' என்ற பொருளில் வருவது என்பார்கள். 'அரிசி' என்ற பொருளில் வருவது என்போரும் உண்டு. இரண்டிலுமே ஆடும் இல்லை, கோழியும் இல்லை.

"அப்ப புலாவ்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்று அடுத்த கணை வரும். புலாவ் சைவம் என்று யார் சொன்னது சாமி? அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் மிலிட்டரி ஓட்டலில் போய்ப் புலாவ் கேளுங்கள், மட்டனா சிக்கனா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஹைதராபாத்தில் கபூலி என்று ஒன்று உண்டு. கடலைப்பருப்பும் அரிசியும் அடுக்கி, தயிரும் பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் சேர்த்து தம் போடுவது. முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. அக்பர் காலத்து அயினி அக்பரியில் அபுல் பசல் உணவுகளை மூன்றாகப் பிரிக்கிறார். முதல் வகையே கறி இல்லாதவை. அதில் அரிசி, நெய், கற்கண்டு, குங்குமப்பூ போட்ட சோறும் ஒன்று. அது பிரியாணி என்று நான் சொல்ல வரவில்லை. கறி இல்லாத சோற்றை அரண்மனையே குறைவாக நினைக்கவில்லை என்கிறேன்.

நிற்க. திட்டுபவர்கள் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஓட்டல்களில் வெஜ் பிரியாணி என்று வைப்பது பெரும்பாலும் மொக்கைதான். கறிக்கு வைக்கிற அதே தண்ணீர், அதே நேரம். அதில் கேரட்டும் பீன்ஸும் கூழாகாமல் என்ன செய்யும்? காய் தானே தண்ணீர் விடும், அதனால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கறி தரும் கொழுப்புக்கு ஈடாக வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வறுக்க வேண்டும். காளானோ பலாக்காயோ என்றால் தனியே வதக்கி, தம் போடும்போது சேர்க்க வேண்டும். சமைப்பவர் சோம்பலுக்குக் காய்கறி மேல் பழி போடாதீர்கள்.

அதுவும் எந்த ஊரில் இருந்துகொண்டு? தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கோஸும் குடைமிளகாயும் விளைகிறது. ராயக்கோட்டை தக்காளி ஊர் ஊராகப் போகிறது. மார்கழி, தை வந்தால் அவரைக்கொட்டை வாசம் எல்லையின் இரண்டு பக்கமும் அடிக்கிறது. கன்னடத்துக்காரர்கள் அதைப் போட்டு ஒரு பாத், கத்திரிக்காய்க்கு வாங்கி பாத், பருப்புக்கு பிஸிபேளே பாத் என்று தனித்தனியாக மசாலா வைத்திருக்கிறார்கள். எதையும் 'போலி' என்று யாரும் சொல்வதில்லை. காய்க்கு ஏற்ற மசாலா என்ற அந்தப் புத்தியை நாம் ஏன் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கக் கூடாது?

இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. வெஜ் பிரியாணியை 'சுத்தம்' என்று தூக்கிப் பிடிப்பவர்களே, உங்கள் ஆதரவு எனக்கு வேண்டாம். 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்க இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கிறதா? கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தார்கள். அடுத்தவன் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் அங்கேயும் பிரச்சினை, இங்கேயும் பிரச்சினை. ஒருவன் மாட்டுக்கறிப் பிரியாணி தின்ன உரிமை கேட்பதும், இன்னொருவன் காளான் பிரியாணியைக் கேலி இல்லாமல் தின்ன நினைப்பதும் எனக்கு ஒரே கோரிக்கையாகத்தான் தெரிகிறது.

புரட்டாசியில் கறி நிறுத்துகிற வீடுகள், சனிக்கிழமை விரதக்காரர்கள், கறியே தொடாத வடமாநிலத் தொழிலாளி என்று எத்தனையோ பேர் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிரியாணி என்பது கூடிச் சாப்பிடும் சோறு. கூட உட்கார்ந்தவனைக் கூனிக் குறுக வைத்துவிட்டு எந்தப் பிரியாணியின் மானத்தைக் காப்பாற்றப் போகிறோம்?

டிஸ்கி: அடியேன் ஆம்பூர் மட்டன் பிரியாணி பக்தன். சீரகச் சம்பா மேல் சத்தியம் :-)