வீட்டுக்கு ஒரு ஆபீஸ், பட்டாவுக்கு ஒரு ஆபீஸ்! அலைகிறது குடிசைக் குடும்பம்

பழைய மாமல்லபுரம் ரோட்டில் இருக்கிறது படூர். ரோட்டோரம் அடுக்கு மாடிகள், காலேஜ். ஆனால் ஊர் இன்னும் ஊராட்சிதான். இங்கே குடிசைவாசி அரசு வீடு கேட்டால் திருப்போரூர் ஒன்றிய ஆபீசுக்குப் போக வேண்டும். இதே ரோட்டில் வடக்கே போனால் செம்மஞ்சேரி. அங்கே வீடு கொடுப்பது பழைய குடிசை மாற்று வாரியம். 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது.

ரோடு ஒன்று, ஆபீஸ் பல. இவர் செய்வது அவருக்குத் தெரியாது!

பட்டா எங்கே?

2016-ல் வந்த மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். கழிப்பறைக்கு 12 ஆயிரம் வேறு கணக்கில். 90 நாள் கூலி இன்னொரு கணக்கில். 2024-ல் மாநில அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' அறிவித்தது. வீட்டுக்கு மூன்றரை லட்சம். 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு.

பணம் கூடியிருக்கிறது. ஆனால் சொந்த இடம் வேண்டும், பட்டா வேண்டும். பணம் தருவது ஊரக வளர்ச்சித் துறை. பட்டா தருவது வருவாய்த் துறை. "பட்டா வாங்கிட்டு வாங்க" என்று இங்கே சொல்வார்கள். "இடம் என்ன வகைன்னு பார்க்கணும்" என்று அங்கே சொல்வார்கள். ஏரிப் புறம்போக்கு என்றால் கதை அதோடு முடிந்தது. ஓலைக் கூரைக்குள் மழைத் தண்ணீரில் படுத்திருப்பவர்களில் பலர் புறம்போக்கில்தான் இருக்கிறார்கள். வீடு அவசியம் தேவைப்படுகிறவர்தான் முதலில் கழிக்கப்படுகிறார்!

சாவி வந்தது, பஸ் வரலே!

2004 டிசம்பர் சுனாமியில் வீடிழந்த சென்னை மீனவக் குடும்பங்கள் மறு வருடம் செம்மஞ்சேரிக்கு வந்தன. குடியிருப்பு முழுவதும் 6 ஆயிரத்து 700-க்கு மேல் வீடுகள். வாரியம் சாவியைக் கொடுத்து விட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன், பஸ் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மீன் விற்றவர்களுக்குக் கடலும் மார்க்கெட்டும் எட்டாத தூரம்.

பெரும்பாக்கத்திலும் அதே கதை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களை லாரி லாரியாகக் கொண்டு வந்தார்கள். லிப்டு வைத்த எட்டு அடுக்குக் கட்டிடங்கள், நிர்வாகமோ கிராம ஊராட்சி! லிப்டுக்கு வாரியம், தண்ணீருக்கு இன்னொரு வாரியம், தெருவுக்கு ஊராட்சி. எதைக் கேட்டாலும் "அது எங்க வேலை இல்லே!"

யாரைக் கேட்பது?

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. தாசில்தாரும் ஒன்றிய அதிகாரியும் கலெக்டர் கூப்பிட்டால் ஒரே மேஜைக்கு வருகிறவர்கள். படூர் சிக்கலை அங்கேயே தீர்க்க முடியும். பெரும்பாக்கம் அப்படி இல்லை. வீடு, குடிநீர், பஸ் எல்லாவற்றுக்கும் தலைமை ஆபீஸ் சென்னையில். கலெக்டர் கடிதம்தான் போட முடியும். சாவி கொடுக்கும் தேதி குறிக்கும் முன் பள்ளி, ரேஷன், பஸ் துறைகளிடம் கையெழுத்து வாங்கினால் தவிர அங்கே வழி இல்லை.

செங்கல்பட்டில் திங்கள்தோறும் மனு நாள். ஒருவர் வீடும் பட்டாவும் கேட்டால் ஒரு மனு ஒன்றியத்துக்கு, இன்னொன்று தாலுகாவுக்கு. இரண்டுக்கும் ஒரே நம்பர் போட்டு, ஒரே தேதியில் பதில் கேட்டால் என்ன? இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம்.