சான்றிதழும் சந்தையும்

கணவனை இழந்தோ, கைவிடப்பட்டோ குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்குச் ‘சமூகத் தொழில்முனைவோர்’ பயிற்சி அளிப்பது நாடெங்கும் பரவிவருகிறது. பயிற்சி வரவேற்கத்தக்கதே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 18 விழுக்காடு குடும்பங்களுக்குப் பெண்களே தலைவர்கள். ஆனால், சான்றிதழ் பெற்ற மறுநாள் அவர்கள் எங்கே போவது?

சிறு தொழிற்கடனுக்குப் பிணை கூடாது என்று விதி இருந்தும், வங்கிக் கிளைகளில் சொத்துப் பத்திரம் கேட்கப்படுகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பெண்கள் வசமிருந்த சாகுபடிக் கைப்பற்றுகள் சுமார் 14 விழுக்காடே. எஞ்சுவது நுண்கடன் நிறுவனம். அதன் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் ரிசர்வ் வங்கி 2022இல் அகற்றிவிட்டது. தையல் இயந்திரம் வருவாய் தரும்வரை வாரத் தவணை காத்திராது. நட்டம் நேர்ந்தால் அது ‘தொழில்முனைவோரின்’ நட்டம், அரசுக்குப் பொறுப்பில்லை. ஆட்சியாளர்களுக்கு அச்சொல் இனிப்பது அதனால்தான்.

1998இல் தொடங்கிய கேரளத்தின் குடும்பஸ்ரீ காட்டும் வழி வேறு. அதன் பெண்கள் ஹரித கர்ம சேனையாக வீடுவீடாகச் சென்று மக்காத கழிவுகளைச் சேகரிக்கின்றனர். வேலையை ஒப்படைப்பது உள்ளாட்சி அமைப்பு. வீடுகள் கட்டணம் செலுத்துகின்றன. தர மறுப்போரும் உண்டு, வருமானமும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. எனினும், வாடிக்கையாளரைத் தேடி அப்பெண்கள் தனியே அலைவதில்லை.

ஒன்றிய அரசோ, வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள 40 முதல் 79 வயது வரையிலான கைம்பெண்களின் ஓய்வூதியத்திற்குத் தன் பங்காக 2012 முதல் மாதம் 300 ரூபாயே தருகிறது. இத்தொகை உடனே உயர்த்தப்பட வேண்டும். பள்ளிச் சீருடை, மதிய உணவுப் பொருள் கொள்முதலில் இப்பெண்களின் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை அளித்திட வேண்டும்.