விரல் எரிகிறது, விற்றுவிடலாமா?

சுசீந்திரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரி மாணவி. மாமா ஆசையோடு நாகர்கோவிலிலிருந்து ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தாராம். 3 வாரமாகப் பழகுகிறார். இடது கை விரல் நுனிகள் சிவந்து கன்றிப்போய், சடை பின்னும்போதுகூட எரிகிறதாம். "அந்தச் சவத்தைத் தூக்கித் தூரப் போடு மக்ளே! பொம்பளப் பிள்ளைக்கு விரலு நல்லா இருக்க வேண்டாமா?" என்கிறாராம் அம்மை. தமக்கும் குட்டை விரல்தான், இந்த வாத்தியம் வராதோ, விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. அவசரப்படாதீர்கள்.

எஃகுக் கம்பியை அமுக்கினால் இளந்தோலில் கோடு விழத்தான் செய்யும். சில வாரங்களில் அந்த இடம் தடித்துக் காய்த்துவிடும். பிறகு எரிச்சல் இராது. வீணை வித்வான்களின் இடது கை ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் கவனித்திருக்கிறீர்களா? கம்பி உழுத தடம் தெரியும். அதைக் கண்டு யாரும் பரிதாபப்படுவதில்லை. (வீணை என்றால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெருமை, கிதார் என்றால் சவம்! இது என்ன நியாயமோ?)

காய்ப்பு ஏறும் வரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். 10 அல்லது 15 நிமிஷமாக, நாளைக்கு 3 வேளை போதும். பாத்திரம் தேய்த்த கையோடு எடுக்க வேண்டாம். ஊறிய தோல் சீக்கிரம் கிழியும்.

எரிச்சலில் பாதி நாமே தேடிக்கொள்வது. இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் விரலை வைத்தால் கம்பி கரகரக்கும். அதைக் கேட்டதும் இன்னும் பலமாக அமுக்கத் தோன்றும். அப்படிச் செய்யாமல், விரலை மெட்டுக்குப் பின்னால், அதை ஒட்டினாற்போல் வையுங்கள். கம்பியை லேசாகத் தொட்டு, மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள். நாதம் எங்கே தெளிகிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் கொடுக்கும் பலம் வீண். உங்கள் ஊர் தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத் தூண்கள் இருக்கின்றனவே! கருங்கல்லையே லேசான தட்டில் பாட வைத்த ஊர்க்காரர், கம்பியிடம் மல்லுக்கு நிற்பானேன்?

குட்டை விரல் என்கிறீர்கள். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற ஜிப்ஸி இளைஞருக்கு 1928-ல், 18-வது வயதில், குடியிருந்த வண்டி தீப்பிடித்து இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. மிஞ்சிய 2 விரல்களால் அவர் வாசித்ததைக் கேட்டு ஐரோப்பாவே அசந்தது. உங்களுக்கோ நான்கும் சுகமாக இருக்கின்றன. கட்டை விரல் கிதாரின் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால் மற்ற விரல்கள் எட்டாது. அதைக் கழுத்தின் பின்புறம், நடுவில் நிறுத்திப் பாருங்கள். ஒரே விரலால் 6 கம்பிகளையும் அமுக்கச் சொல்லும் 'எஃப்' கார்டை இரண்டு மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். அது எல்லாரையும் அழ வைப்பது.

கிதார் மீதும் ஒரு கண் வையுங்கள். 12-வது மெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருக்கலாம். அதற்குமேல் என்றால் வாத்தியம் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நுனி விரல் எரிச்சல் வேறு, மணிக்கட்டிலும் முழங்கையிலும் வரும் வலி வேறு. முன்னது தானே போய்விடும். பின்னது, விரல் மரத்துப் போவதும்கூட, பழகப் பழகக் கூடும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்காதீர்கள், அன்றைக்கே நிறுத்துங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கிறதா, தோள் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணாடி முன் உட்கார்ந்து பாருங்கள். சில நாள் ஓய்வு கொடுத்தும் தீராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருதாணி இடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். வலது கையில் கொஞ்சம் வளர்க்கலாம், மீட்ட உதவும். "இது என்ன கோலம்?" என்று அம்மை கேட்டால், ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்கள்.