அதற்கு ஏன் வாய் திறக்கவில்லை?

வெளிநாட்டில் நடக்கும் அநீதிக்கு எதிராக நான்கு பேர் கூடி நின்றால், அவர்கள் கேட்பது நியாயமா என்று பார்ப்பவர்கள் குறைவு. "அங்கே நடந்ததற்கு இவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்பவர்களே அதிகம். காசாவுக்காகக் கூடினால் சூடான் எங்கே என்பார்கள். சூடானுக்காகக் கூடியிருந்தால் ஏமனை இழுத்திருப்பார்கள். செத்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் கண்டனம் எழ வேண்டும், அப்படி எழாவிட்டால் அது பாசாங்கு என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கும் கேள்வி இது. கேட்பதற்கு நடுநிலை போலத் தோன்றும் இந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் கிடையாது. மக்கள் போராட்டம் எந்தக் காலத்திலும் துயரத்தை நிறுக்கும் தராசாக இருந்ததில்லை. தங்கள் அரசும் தங்கள் பணமும் ஓர் அநீதியோடு பிணைந்திருப்பதை யாராவது எடுத்துக் காட்டும்போதுதான், சாமானியர்கள் தெருவுக்கு வருகிறார்கள். அதில் அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அயல்நாட்டு அநீதிக்கு எதிராக எழுந்த மிக நீண்ட மக்கள் இயக்கங்களில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிரானது. 1960 மார்ச்சில் ஷார்ப்வில் நகரில் காவல்துறை சுட்டதில், அரசு சொன்ன கணக்குப்படி, 69 பேர் இறந்தார்கள். உலகமே கொதித்தது. 1972இல் புருண்டியில், துட்சி இனத்தவரின் பிடியில் இருந்த ராணுவம் சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹூட்டு இனத்தவரைக் கொன்றது. படித்தவர்களையும் மாணவர்களையும் தேடித்தேடிக் கொன்றார்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ அதற்காக எந்த இயக்கமும் எழவில்லை. தென்னாப்பிரிக்க வெள்ளை அரசின் வக்கீல்கள் இந்த முரணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கறுப்பர்கள் ஆளும் நாடுகளில் இதைவிடக் கொடுமை நடக்கிறதே, உகாண்டாவின் இடி அமீனை ஏன் கேட்கவில்லை என்றார்கள். அவர்கள் காட்டிய கொடுமைகள் உண்மை. ஆனால் அந்த உண்மையைக் கொண்டு அவர்கள் காக்க முயன்றது உகாண்டா மக்களை அல்ல, பிரிட்டோரியாவின் ஆட்சியை.

எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பிணைப்பைப் பார்த்தால் முரண் விளங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்று பிரிட்டனின் பார்க்ளேஸுக்குச் சொந்தமாக இருந்தது. அந்நாட்டுப் பழங்கள் லண்டன் கடைகளில் விற்றன. அதன் கிரிக்கெட் அணி இங்கிலாந்து மைதானங்களில் ஆடியது. ஆகவே 1959இல் லண்டனில் தொடங்கிய புறக்கணிப்பு இயக்கம் ஒரு குடும்பத் தலைவியிடம், "இந்தப் பழத்தை வாங்காதீர்கள்" என்று சொல்ல முடிந்தது. மாணவர்களிடம், "இந்த வங்கியில் கணக்கு வைக்காதீர்கள்" என்று சொல்ல முடிந்தது. 1970இல் கிரிக்கெட் பயணம் ரத்தானது. 1986இல் பார்க்ளேஸ் வெளியேறியது; அதே ஆண்டு அதிபர் ரீகனின் மறுப்பாணையையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் துண்டறிக்கைக்கும் இந்த வெற்றிக்கும் இடையில் 27 ஆண்டுகள். அப்படியொரு இயக்கம், சில மாதங்களில் நடந்து முடியும் படுகொலைக்கு எதிராக ஓரிரவில் முளைத்துவிடாது.

பத்திரிகைகள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன, எதைக் காட்டுகின்றனவோ அதற்கு மக்கள் அழுகிறார்கள் என்பது இன்னொரு விளக்கம். இது பாதி உண்மை. 1975க்கும் 1979க்கும் இடையில் கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். மேற்கத்திய இதழ்கள் அதைப் பற்றி எழுதாமல் இல்லை. ஆனால் வாஷிங்டனில் ஊர்வலம் போய் யாரிடம் எதைக் கேட்பது? கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டுக்கு அமெரிக்கா அப்போது ஆயுதம் கொடுக்கவில்லை. நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லை. அதே 1975இல் இந்தோனேசியா கிழக்குத் திமோருக்குள் புகுந்தது. அதற்கு முந்தைய நாள் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரும் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவுடன் பேசிக்கொண்டிருந்தார்கள். படையெடுத்த ராணுவத்திடம் இருந்தவை பெரும்பாலும் அமெரிக்க ஆயுதங்கள். பிணைப்பு இருந்தும் 16 ஆண்டுகள் அதை எடுத்துச் சொல்லப் போதிய ஆளில்லை. 1991 நவம்பரில் கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியின் சாண்டா குரூஸ் இடுகாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் படம்பிடித்த ஒளிநாடா வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் ஆதரவு அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டே இந்தோனேசிய ராணுவத்துக்கான பயிற்சி நிதியை நாடாளுமன்றம் வெட்டியது. படம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. "நம் பணத்தை நிறுத்து" என்று கேட்க ஓர் இடம் இருந்ததால் படம் வேலை செய்தது.

அப்படியானால் புருண்டிக்கு அந்த இடமே இல்லையா? இருந்தது. அதன் ஏற்றுமதி வருமானத்தின் உயிர்நாடி காப்பி. அதில் பெரும்பகுதியை வாங்கியது அமெரிக்கா. அந்தக் காப்பியைக் காட்டிக் கூட்டத்தைத் திரட்ட எவரும் வரவில்லை. பிணைப்பு தானாகக் கண்ணில் படாது, யாரோ தோண்டி எடுக்க வேண்டும். காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சி நடத்திய ரப்பர் கொள்ளையை எட்மண்ட் மோரல் கண்டுபிடித்தது கப்பல் கணக்கிலிருந்து. லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றின் குமாஸ்தா அவர். ரப்பரும் தந்தமும் வந்திறங்கும் கப்பல்கள் திரும்பும்போது பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும் ஏற்றிப் போவதைப் பார்த்தார். 1904இல் அவர் தொடங்கிய சங்கத்துக்கு லியோபோல்டின் ஆட்கள் தந்த பதில்களில் ஒன்று, பிரிட்டிஷ் காலனிகளில் நடக்கும் கொடுமைகளின் பட்டியல். "முதலில் உன் வீட்டைப் பார்" என்ற வாதம் அன்றே இருந்தது. பட்டியலில் உண்மை இருந்ததால், ரப்பருக்காகக் காங்கோவில் வெட்டப்பட்ட கைகள் பொய்யாகிவிடவில்லை.

நிறமும் மதமும் இதில் வேலை செய்யவில்லையா என்று கேட்டால், செய்கின்றன. 2001இல் எழுதிவைத்த தற்காலிகப் பாதுகாப்பு விதியை ஐரோப்பிய ஒன்றியம் முதல்முறையாகப் பயன்படுத்தியது 2022இல் உக்ரேனியர்களுக்கு. 2015இல் வந்த சிரியர்களுக்கு அது கிடைக்கவில்லை. இந்தப் பாரபட்சத்தைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அரசின் பாரபட்சமும் மக்கள் போராட்டத்தின் தேர்வும் ஒன்றல்ல. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரேரோ இன மக்களை ஜெர்மனி அழிக்கத் தொடங்கியது 1904இல். அதை ஆவணமாகத் தொகுத்து பிரிட்டன் வெளியிட்டது 1918இல், அந்தக் காலனியை ஜெர்மனியிடமிருந்து பறிக்க வேண்டியிருந்தபோது. 1926இல் நல்லுறவு தேவைப்பட்டது. ஆவணத்தின் பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. அரசு தன் ஆதாயத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறது. தன் வங்கியையும் தன் அரசையும் எதிர்த்து நிற்பவரின் தேர்வோ அவருக்கே செலவு வைக்கிறது.

ஈழத்தை நினைத்துத் தமிழ் வாசகருக்கு இங்கே கோபம் வரலாம். 2009இல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் டொரோண்டோவின் நெடுஞ்சாலையிலும் தமிழர்கள் திரண்டபோது மற்றவர்கள் பெரிதாகச் சேரவில்லை. அந்த வலி நியாயமானது. ஆனால் தமிழகத்தின் போராட்டங்கள் கொழும்பை மட்டும் நோக்கியவை அல்ல, டெல்லியை நோக்கியவை. 2009 மே மாதம் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா, 2012இலும் 2013இலும் எதிராக வாக்களித்தது. உறவு கூட்டத்தைச் சேர்த்தது. கோரிக்கைக்கு முகவரி தந்தது நம் அரசின் வாக்கு.

வெறுப்பினால் ஒரு நாட்டை மட்டும் குறிவைப்பவர்களும் உண்டு என்பார்கள். உண்டு. அந்த வெறுப்பு அவர்கள் பேச்சிலேயே தெரியும், அதை வைத்தே பிடிக்கலாம். பேசாமல் விட்டவற்றின் பட்டியல் அதற்குத் தேவையில்லை. இஸ்ரேலுக்கு ஆண்டுக்கு 380 கோடி டாலர் ராணுவ உதவி தரும் அமெரிக்காவின் மாணவர்கள், 2024இல் தங்கள் பல்கலைக்கழகங்களின் முதலீட்டைத் திரும்பப் பெறச் சொன்னதற்கு அந்த டாலரே போதுமான காரணம். சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருக்கிறார்கள். அங்கேயும் பிணைப்பு இருக்கிறது. அந்நாட்டுத் தங்கத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்வது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு. அங்கே அரசு ராணுவத்தோடு மோதும் துணை ராணுவப் படைக்கு ஆயுதம் தருவதாக அந்த அமீரகத்தின் மீது குற்றச்சாட்டு உள்ளது, அது மறுக்கிறது. அந்தத் தங்கத்தை யார் வாங்குகிறார்கள், நம் சந்தைக்கு அது வருகிறதா, நம் அரசு என்ன கேட்க வேண்டும் என்று ஒருவர் எழுந்தால் அவரோடு நிற்க வேண்டியது கடமை. சூடானுக்கு உதவும் வழி அதுதான். காசாவைப் பற்றிப் பேசுபவரின் வாயை அடைக்க மட்டும் சூடானின் பெயரை எடுத்து, அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுபவருக்கு இரண்டு இடங்களின் மீதும் அக்கறை இல்லை.