கண்ணாடி கொடுத்தால் மட்டும் போதுமா? மயிலிட்டிப் பிள்ளைகளின் பார்வையும் தொலைந்துபோன துண்டுகளும்

மயிலிட்டித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட அபிவிருத்தி வேலைகளை 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். அந்த நாட்களில் ஊரில் எங்கும் படகுகளையும் இறங்குதுறையையும் பற்றிய பேச்சுத்தான். எங்கள் வீட்டிலோ வேறு கவலை. தரம் 7 இல் படிக்கும் என் தங்கையின் மகளுக்கு மூன்றாவது தடவையாகக் கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது.

கண் வைத்தியர் கேட்டது ஒரேயொரு கேள்வி. "முதல் எவ்வளவு இருந்தது?"

எங்களிடம் பதில் இல்லை. முதல் கண்ணாடி ஒரு இலவச முகாமில் கிடைத்தது. இயந்திரத்துக்குள் பார்க்கச் சொன்னார்கள், பத்து நிமிடத்தில் கண்ணாடி வந்தது, துண்டு எதுவும் தரவில்லை. அதைப் போட்டால் தலையிடி என்று அவள் கழற்றி வைத்துவிட்டாள். இரண்டாவது கண்ணாடியின் துண்டு, வாடகை வீட்டிலிருந்து ஊருக்கு வந்தபோது சாமான்களோடு எங்கோ தவறிவிட்டது. 1990 யூன் 15 இல் இடம்பெயர்ந்து, 2017 யூலை 3 இல் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட பிறகே திரும்பத் தொடங்கிய எங்கள் ஊரவர்களிடம் காணி உறுதி பத்திரமாக இருக்கும். பிள்ளையின் கண் துண்டு இருக்காது.

அந்தத் துண்டு ஏன் முக்கியம்? குறும்பார்வை என்பது பெரும்பாலும் கண்கோளம் அளவுக்கு மீறி நீளுவதால் வருகிறது. ஒரு மில்லிமீற்றர் கூடினால் ஏறத்தாழ இரண்டரை டயொப்டர் கூடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. மைனஸ் 0.50 இலிருந்து குறும்பார்வை என்று கணக்கிடுகிறார்கள். மைனஸ் 6 ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை கழரும் ஆபத்தும் கண் அழுத்த நோயின் ஆபத்தும் கூடுகின்றன. எனவே இன்றைய எண்ணை மட்டும் அறிந்தால் போதாது. அது எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதையும் அறிய வேண்டும். வேகத்தை அறியக் குறைந்தது இரண்டு அளவுகள் வேண்டும், இரண்டும் சரியானவையாக இருக்க வேண்டும்.

சரியான அளவு எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிட்ட உள்ளதைப் பார்க்கக் கண்வில்லையைத் தடிக்க வைக்கும் தசை சிறுவர்களுக்கு மிகவும் பலமானது. இயந்திரத்துக்குள் பார்க்கும்போது அது இறுகிவிட்டால், உள்ளதைவிடக் கூடிய மைனஸ் காட்டும். அதனால்தான் சைக்ளோபென்டலேட் போன்ற சொட்டு மருந்தை விட்டு, அரைமணி நேரமளவு பொறுத்து, தசை தளர்ந்த பிறகு அளக்கிறார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்ட உள்ள எழுத்து மங்கும். அதைப் பார்த்துப் பயந்து "மருந்து வேண்டாம்" என்று சொல்லும் தாய்மார் பலர். என் தங்கையும் அப்படித்தான் சொன்னாள். மருந்து விட்டு அளந்தபோது மருமகளுக்கு மைனஸ் 2.50. அதாவது, கண்ணாடி இல்லாமல் 40 சென்ரிமீற்றருக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை. இந்த எண்ணைத்தான் தொடக்கமாக வைத்து வேகத்தைப் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை நல்ல ஏற்பாடு. ஆனால் ஆறு மீற்றர் தூரத்து எழுத்தைப் பிள்ளை வாசிக்கிறதா என்றே அது பார்க்கிறது. பெரிய பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 என மூன்று வருட இடைவெளியில் நடக்கிறது. தரம் 4 க்கும் 7 க்கும் இடைப்பட்ட காலம்தான் குறும்பார்வை வேகமாக ஏறக்கூடிய வயது. புலமைப்பரிசில் பரீட்சையும் அதற்குள்தான் வருகிறது. இருநூறுக்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளிலோ எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. மீள்குடியேறிய ஊர்களின் சிறிய பாடசாலைகளுக்கு இது ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பைக் கேட்டுப் பெற வேண்டும்.

வேகத்தைக் குறைக்க வழி உண்டு. செறிவு குறைந்த அத்ரோப்பின் சொட்டு மருந்தை வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். ஹொங்கொங் ஆய்வொன்றில் 0.05 வீதச் செறிவு கூடிய பலன் தந்தது. வைத்தியர் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஆனால் குறும்பார்வை தொடங்குவதையே பின்தள்ளும் மருந்து இலவசமானது. அது பகல் வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 வீதமானோருக்குக் குறும்பார்வை வந்தது. வழமைபோல் இருந்த பிள்ளைகளில் அது 39.5 வீதம். தாய்வான் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்பதைப் பாடசாலைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில்கூட அது பல ஆயிரம்.

போத்தல் விளக்கில் படித்துத்தான் கண் கெட்டது என்று எங்கள் தலைமுறை இன்றும் சொல்லும். மங்கிய விளக்கைவிட, பகலில் வெளியே போகாமல் இருப்பதுதான் பெரிய விடயம் என்பதை இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை நலன்புரி நிலையத்திலும் நெருக்கமான கொட்டில்களுக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓடி விளையாட எவ்வளவு நிலம் இருந்தது? வலிகாமம் வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகளைக் கேட்கும்போது, பிள்ளைகளின் விளையாட்டு நிலத்தையும் சேர்த்தே கேட்கிறோம். ஆனால் திரும்பக் கிடைத்த நிலத்தை நாங்கள் என்ன செய்கிறோம்? கடற்கரை இருக்கிறது, மைதானம் இருக்கிறது. பிள்ளை பாடசாலை முடிந்து ரியூசனுக்குப் போய் இருட்டிய பிறகு வீடு வருகிறது. இதற்கு இராணுவத்தைக் குறை சொல்ல முடியாது.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அளக்கும்போது சொட்டு மருந்து விட்டு அளக்கிறார்களா என்று கேளுங்கள். எண்ணையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், துண்டைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இலவச முகாம் நடத்துபவர்களும் கண்ணாடியோடு அந்த எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பாடசாலை மாறினால் அந்தப் பதிவும் கூடவே போக வேண்டும்.

மருமகளின் அடுத்த தவணை ஆறு மாதத்தில். கலண்டரில் குறித்திருக்கிறோம். பின்நேர ரியூசன் ஒன்றை நிற்பாட்டியதில் தங்கைக்கு இன்னும் மனமில்லை. "சோதினை வந்தால் என்ன செய்யிறது அண்ணை?" என்கிறாள். சோதினை வரும், போகும். நீண்ட கண் பிறகு சுருங்காது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.